நாஸ் வாங்கலாமா? சேலம் வீடு, ஏற்காடு வீடு, குடும்பப் படங்கள்

நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சேலம் அழகாபுரத்தில் உங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னதாக ஒரு காபித் தோட்டத்தோடு இருக்கிறார்கள். தங்கை ஜெர்மனியில். எல்லார் போனிலும் கூகுள் தரும் 15 ஜி.பி. நிரம்பிவிட்டது. கல்யாண வீடியோ, குழந்தைகளின் படங்கள், தோட்டத்துப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் இரண்டு பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் கலந்து கிடக்கின்றன. அதில் ஒன்று சில நாளாக ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுகிறது. 40,000 ரூபாய்க்குள் எந்த நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி எல்லாரும் கோப்பு வைக்கிற டிஸ்க் பெட்டி) வாங்கலாம், ரெய்டு 1 போட்டால் போதுமா, அல்லது சும்மா கிடக்கிற டெஸ்க்டாப்பையே சர்வராக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டது பெட்டியைப் பற்றி. ஆனால் கடைசி வரியில், ‘எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மனைவிக்கு இதையெல்லாம் எடுக்கத் தெரியாது’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் மூலக் கேள்வி. சேலத்தில் பல வருஷமாக நெட்வொர்க் வேலையும், போன டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்கிற வேலையும் பார்க்கிறேன். என் மேஜைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நல்ல பெட்டி இருந்தது. இன்னொரு பிரதிதான் இல்லை. அதனால் என் பதில் இந்த வரிசையில் வரும்: முதலில் இரண்டு வீட்டில் இரண்டு பிரதி, அப்புறம் சர்வர். நாஸ் இப்போதைக்கு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சத்தம் போடுகிற டிஸ்க். இன்றைக்கே அதை ஓட்டுவதை நிறுத்துங்கள். உள்ளே படிக்கும் முனை தடம் கிடைக்காமல் திரும்பத் திரும்பத் தேடும்போது வருகிற சத்தம் அது. ஓட ஓட, தட்டின் பரப்பு கீறிப்போக வாய்ப்பு அதிகம். விண்டோஸ் ‘டிஸ்க்கைச் சரிபார்க்கட்டுமா’ என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். அந்தச் சோதனை டிஸ்க்கில் எழுதவும் செய்யும், நோயாளியை ஓடவிட்டுப் பார்க்கிற கதைதான். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யூடியூபில் சொல்வதையும் நம்பாதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். டிஸ்க் இன்னும் அடையாளம் தெரிகிறதென்றால், வேறெங்கும் இல்லாத ஃபோல்டரை மட்டும் முதலில் எடுங்கள். உங்கள் பட்டியலைப் பார்த்தால் குழந்தைகளின் முதல் மூன்று வருஷப் படங்கள்தான் அப்படி. கல்யாண வீடியோ எடுத்தவரிடமே இன்னும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். லினக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரச் சொல்லலாம். அடையாளமே தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு மீட்பு வேலை செய்கிறவரிடம் கொடுங்கள். அதற்கு முன் யாரும் மூடியைத் திறக்க வேண்டாம்.

இனி ரெய்டு 1. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவலை ஒரே நேரத்தில் எழுதுவதுதான் அது. ஒன்று செத்தால் மற்றது ஓடும், வேலை நிற்காது. காரில் இருக்கிற ஸ்டெப்னி மாதிரி: டயர் பஞ்சரானால் கை கொடுக்கும், காரே களவு போனால் அதுவும் சேர்ந்துதான் போகும். குழந்தை தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ் வந்தாலும் அப்படித்தான். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிற ஒரு குடும்பம், டிசைன் படங்கள் எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க் போட்ட ஒரு பெட்டியில் வைத்திருந்தார்கள். மே மாதத்து மழையில் இடி விழுந்த ராத்திரி பெட்டி போய்விட்டது. திறந்து பார்த்தால் இரண்டு டிஸ்க்கின் பச்சைச் சர்க்யூட் பலகையிலும் ஒரே இடத்தில், மின் இணைப்புக்குப் பக்கத்தில், எள்ளளவு கறுப்பு உறுப்பு ஒன்று வெந்து கருகிய வாடை. மிகை மின்னழுத்தம் வந்தால் தான் பலியாகி மற்றதைக் காப்பாற்றுகிற டையோடு அது. பெட்டிக்கு ஒரே அடாப்டர், அதனால் இரண்டும் ஒன்றாகவே அடிவாங்கின. அவர்களுடையது மீண்டுவிட்டது. ஆனால் ‘அதே மாடல் டிஸ்க் வாங்கிப் பலகையை மாற்றிவிடலாம்’ என்று பலர் நினைப்பதுபோல அது எளிதல்ல. இன்றைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவீடுகள் அந்தப் பலகையில் உள்ள ஒரு சின்ன சிப்பில் இருக்கும், அதையும் கழற்றி மாற்ற வேண்டும். ஆகவே ரெய்டு 1 வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேலை நிற்காமலிருக்க, அவ்வளவுதான். வீட்டுப் படங்களுக்கு வேலை ஒரு வாரம் நின்றாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அந்த இரண்டாவது டிஸ்க்கின் காசை மலைமேல் வைக்கிற பிரதிக்குச் செலவிடுங்கள்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்று ஒரு வழக்கம் உண்டு. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பியது. உங்களுக்கு அந்த ‘வேறு ஊர்’ தானாகவே அமைந்திருக்கிறது. சேலமும் ஏற்காடும் முப்பது கிலோமீட்டர் சுமார்தான், ஆனால் சேலத்து வீட்டில் தீயோ திருட்டோ நடந்தால் அது மலையேறாது. இரண்டு யு.எஸ்.பி. டிஸ்க் வாங்குங்கள், ஒன்றுக்கு ‘அ’ என்றும் இன்னொன்றுக்கு ‘ஆ’ என்றும் சீட்டு ஒட்டுங்கள். ‘அ’ சேலத்தில் சர்வரிலிருந்து நகல் வாங்கும். அப்பா அம்மாவைப் பார்க்கப் போகும்போது அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ‘ஆ’வை எடுத்து வாருங்கள். அடுத்த முறை மாற்றிச் செய்யுங்கள். இணையம் வழியே அனுப்பலாமே என்று தோன்றும். ஒரு டி.பி.யை 30 எம்.பி.பி.எஸ். அப்லோடில் அனுப்ப, தடையே இல்லாவிட்டாலும் மூன்று நாளுக்கு மேலாகும். மலையில் கரண்டும் இணையமும் அவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்குமா என்பது உங்களுக்கே தெரியும். அணைத்த டிஸ்க்கில் முனைகள் தட்டை விட்டு ஒதுங்கி நிற்கும், ஆகவே இருபது கொண்டை ஊசி வளைவில் குலுங்குவது பெரிய விஷயமில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டிவிடுவதுதான் ஆபத்து.

ஏற்காட்டில் கவனிக்க வேண்டியது ஈரம். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளேயே வந்து நிற்கும், அலமாரியில் தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும். சாதாரண டிஸ்க்குகளில் காற்று போய்வர ஒரு சின்னத் துளையும் வடிகட்டியும் உண்டு, ஹீலியம் அடைத்தவை மட்டும்தான் முழுக்க மூடியவை. எஸ்டேட் வீடுகளிலிருந்து வருகிற டிஸ்க்குகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது: பலகையைக் கழற்றித் திருப்பினால், உள்ளே இருக்கும் முனைகளோடு தொடர்பு கொள்கிற பளபளப்பான புள்ளிகள் காபிக்கொட்டை நிறத்தில் கறுத்துப் போயிருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பொருத்தினால் சிலது எழுந்துவிடும். சிலது எழாது. டிஸ்க்கை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறுகிற சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு பீரோவில் வேண்டாம், சமையலறைக்குப் பக்கத்துச் சுவர் காய்ந்திருக்கும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்தால் மறுபடி உதவும் என்பது அம்மாவுக்கு ஒருமுறை சொன்னால் போதும். குளிர்ந்த டிஸ்க்கைச் சேலத்து வெக்கைக்குக் கொண்டுவந்ததும் சொருகாதீர்கள். டப்பாவைத் திறக்காமலே இரண்டு மணி நேரம் விட்டு, பிறகு எடுங்கள்.

இப்போது பெட்டிக்கு வருவோம். இரண்டு டிஸ்க் போடுகிற பெயர்பெற்ற நாஸ் ஒன்று வாங்கினால் உங்கள் பட்ஜெட்டில் பெரும்பகுதி வெறும் பெட்டிக்கே போய்விடும். அதன் நல்ல குணம், திரையில் தமிழ்நாட்டு மின்கட்டணச் செயலியைப் போல எளிதாகப் பொத்தான்கள் இருக்கும், யாரும் இயக்கலாம். கம்ப்யூட்டரைத் தொடவே பிடிக்காதவர் என்றால் அதையே வாங்கச் சொல்வேன். உங்களிடம் 8 ஜி.பி. ராம் உள்ள டெஸ்க்டாப் இருக்கிறது, இரண்டு மாலை செலவழிக்கவும் தயார் என்கிறீர்கள். அது போதும். தூசியை ஊதி, சி.பி.யு. மேலே வெப்பம் கடத்தும் பேஸ்ட் புதிதாகத் தடவி, உள்ளே மின்சாரம் பிரித்துத் தருகிற எஸ்.எம்.பி.எஸ். பழையது என்றால் கண்டிப்பாக மாற்றுங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மற்ற எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு சாவது பெரும்பாலும் அதுதான். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ‘மின்சாரம் திரும்பினால் தானே எழுந்துகொள்’ என்ற அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் யாராவது பொத்தான் அழுத்த வேண்டும். சிஸ்டத்தைச் சின்ன எஸ்.எஸ்.டி.யிலும், கோப்புகளைத் தனி டிஸ்க்கிலும் வையுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓடும், ஆனால் மெமரி கார்டிலிருந்து வருஷக்கணக்கில் ஓட்டினால் கார்டு கெட்டுப்போகும், எஸ்.எஸ்.டி.யிலிருந்துதான் ஓட்ட வேண்டும்.

டெஸ்க்டாப்பின் குறை மின்சாரம். சும்மா இருக்கும்போது 50 வாட் இழுத்தாலே மாதம் 36 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 72. நம் மின்வாரியக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் மாறும், ஏ.சி. ஓடுகிற மே மாதத்தில் இந்த 72 உங்களை அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளலாம். 10 வாட்டில் ஓடுகிற மினி பி.சி. என்றால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்கூட ஆகாது. ஒரு வருஷம் டெஸ்க்டாப்பில் ஓட்டிப் பாருங்கள், பழகிவிட்டால் மினி பி.சி.க்கு மாறலாம். டிஸ்க்கை அப்படியே தூக்கி வைத்துக்கொள்ளலாம். இடம் எங்கே என்றால், பரணிலோ மூடிய டி.வி. ஸ்டாண்டிலோ வேண்டாம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் கோடையில் அடுப்புதான். டிஸ்க் தயாரிப்பாளர்கள் 60 டிகிரி வரை தாங்கும் என்கிறார்கள், நான் 45ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுவேன். யு.பி.எஸ். கட்டாயம், இன்வெர்ட்டர் இருந்தாலும் சரி. யு.எஸ்.பி. வயரில் சர்வரோடு பேசுகிற மாடலாகப் பாருங்கள், பேட்டரி தீருமுன் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துவிடும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்னல் வராது. ஆனால் மாடி வழியாக வெளியே போகிற செம்பு நெட்வொர்க் கேபிளில் வரும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

மென்பொருளில் அதிகம் அலைய வேண்டாம். கம்ப்யூட்டரை நாஸாக மாற்றுகிற ஓபன்மீடியாவால்ட் போட்டால் பிரவுசரிலேயே எல்லாம் நிர்வகிக்கலாம். படங்களுக்கு இம்மிச். போனில் எடுத்த படம் தானாக வீட்டுக்கு வந்து சேரும், முகம் வைத்து, தேதி வைத்துத் தேடலாம், அந்த முகத் தேடலும் உங்கள் மெஷினிலேயே நடக்கும். ஐபோன் பின்னணியில் பதிவேற்றுவதைக் கட்டுப்படுத்தும், அவ்வப்போது செயலியைத் திறந்து வைக்க வேண்டும். சில ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பிலிருந்து அதற்கு விலக்குக் கொடுக்க வேண்டும். நகலெடுக்கும்போது படங்களை மட்டும் எடுத்தால் போதாது. ஆல்பங்களும் பெயர்களும் தனி டேட்டாபேஸில் இருக்கும், அதையும் சேர்த்தெடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை மூலப்படம் என்று வைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம், அது சுருக்கப்பட்ட படம். எடுத்தவர் போனிலிருந்தே அசலை வாங்குங்கள். கோப்புகளை இரண்டு இடத்தில் ஒத்திசைத்து வைக்கிற சிங்க்திங் போன்றவை நல்லவைதான், ஆனால் ஒத்திசைவும் காப்புப் பிரதியும் வேறு வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பழைய வடிவங்களைச் சேமிக்கிற வசதியை இயக்கினால்தான் தப்பிக்கலாம்.

ஜெர்மனியில் இருக்கிற தங்கைக்காக ரௌட்டரில் போர்ட் திறந்துவிடலாமா, அதாவது வெளியிலிருந்து சர்வருக்கு நேராக வர வழி விடலாமா என்றால், கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற நெட்வொர்க் டிஸ்க் வைத்திருந்த பலருடைய டிஸ்க்குகள் இணையம் வழியாகவே துடைக்கப்பட்டன. அதற்கான அப்டேட் 2015லேயே நின்றுபோயிருந்தது. 2022 ஜனவரியில் க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை டெட்போல்ட் என்ற வைரஸ் பூட்டிப் பணம் கேட்டது. இரண்டிலும் மாட்டியது நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைத்த பெட்டிகள். அதோடு, நம்மூர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான், ஆகவே போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. டெய்ல்ஸ்கேல் போட்டுத் தங்கையின் போனையும் உங்கள் சர்வரையும் தனி வலையில் சேர்த்துவிடுங்கள். அது வயர்கார்டு என்ற மறையாக்க இணைப்பு முறையின் மேல் நிற்பது, ரௌட்டரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஐம்பது சொந்தக்காரர்களுக்குக் காதுகுத்துப் படம் அனுப்புவது சர்வரின் வேலை அல்ல, அதற்கு கூகுள் ஆல்பமே போதும்.

உறுதியில்லாதவை சில உண்டு, அவற்றைப் பிரித்துச் சொல்கிறேன். எந்த பிராண்ட் டிஸ்க் நீண்ட நாள் உழைக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். பேக்பிளேஸ் என்ற நிறுவனம் தன் டிஸ்க்குகளின் கணக்கை வெளியிடுகிறது, வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு என்ற அளவில் சாகின்றன. ஆனால் அவை குளிரூட்டிய கூடத்தில், தடையில்லா மின்சாரத்தில் ஓடுபவை. நம் வீட்டுக்கு அந்த எண்ணை அப்படியே கொண்டுவர முடியாது. சும்மா இருக்கும்போது டிஸ்க்கைத் தூங்கவிடுவதா, ஓடவிடுவதா என்பதில் அனுபவசாலிகளே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். நான் ஓடவிடுவேன், ஆனால் அது என் பழக்கம். ராம் பிழைதிருத்தும் வகையாக இருக்க வேண்டுமா என்ற வாதத்திலும் வீட்டு அளவில் தலையைக் கொடுக்க வேண்டாம். நிச்சயமாகச் சொல்லக்கூடியது, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி எழுதுகிற எஸ்.எம்.ஆர். வகை டிஸ்க்குகளை ரெய்டில் போட்டால், செத்த டிஸ்க்குக்குப் பதில் புதியதை நிரப்பும் மறுசீரமைப்பின்போது தடுமாறும் என்பது. தனியாக, நகல் டிஸ்க்காக வைக்க அவை போதும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 எண் வரிகளில் பூஜ்யம் இல்லாமல் எண் ஏறத் தொடங்கினால் அடுத்த டிஸ்க் வாங்குங்கள். ஏறாமலே திடீரென்று சாகிற டிஸ்க்குகளும் உண்டு.

பத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வக்கீல் இல்லை, தொழில்நுட்பப் பக்கம் மட்டும் சொல்கிறேன். ஸ்கேன் என்பது உங்கள் குறிப்புக்கு. மூலப் பத்திரத்துக்கு அது மாற்றாகாது. டிஜிலாக்கரில் அரசுத் துறையே வெளியிட்ட ஆவணங்களுக்குத்தான் மூலத்துக்குச் சமமான மதிப்பு, நாமே பதிவேற்றிய ஸ்கேனுக்கு இல்லை. மூலத்தை ஈரம் படாத இடத்தில் வைப்பது சர்வரை விட அவசரம்.

மனைவிக்கு எடுக்கத் தெரியாது என்ற வரிக்கு வருகிறேன். யு.எஸ்.பி. டிஸ்க்குகளில் ஒன்றிலாவது படங்கள் சாதாரணக் கோப்புகளாக, வருஷவாரி ஃபோல்டரில், விண்டோஸ் லேப்டாப்பில் சொருகினால் திறக்கிற வடிவத்தில் இருக்கட்டும். போர்க், ரெஸ்டிக் மாதிரி, பிரதியைத் தம் சொந்த வடிவத்தில் பூட்டி வைக்கிற கருவிகள் மிக நல்லவை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கட்டளையும் கடவுச்சொல்லும் தெரியாதவருக்கு அந்த டிஸ்க் வெறும் பெட்டி. திருடு போனால் என்று கேட்பீர்கள். ஆதார், வங்கித் தாள், பத்திரம் இருக்கிற ஒரு ஃபோல்டரை மட்டும் கடவுச்சொல்லால் பூட்டுங்கள், குழந்தைகளின் படத்தைத் திறந்தபடி விடுங்கள். ஒரு தாளில் தமிழில், கையால், எந்த டிஸ்க் எங்கே, எப்படிச் சொருகுவது, பூட்டிய ஃபோல்டரின் கடவுச்சொல் எது, யாரைக் கூப்பிடலாம் என்று எழுதி மூலப் பத்திரங்களோடு வையுங்கள். கூகுள் கணக்கு இரண்டு வருஷம் பயன்படாமல் கிடந்தால் அழிக்கப்படலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. அதே கூகுளில், கணக்கு செயலற்றுப் போனால் தகவலை யாருக்குத் தர வேண்டும் என்று முன்கூட்டியே குறிக்கும் அமைப்பு உண்டு, அதில் மனைவி பெயரைச் சேருங்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, அந்தத் தாளை மட்டும் வைத்து ஒரு குறிப்பிட்ட பிறந்தநாள் படத்தை அவரை எடுக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே தாளைத் திருத்துங்கள்.

டெஸ்க்டாப்பின் மதர்போர்டு மாடலையும், எஸ்.எம்.பி.எஸ். மேலே ஒட்டியிருக்கிற வாட் எண்ணையும், சத்தம் போடாத அந்த இன்னொரு டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையையும் இதற்குக் கீழே போடுங்கள். எத்தனை டிஸ்க் தாங்கும், எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டுமா, அந்த டிஸ்க்கை நகலுக்கு நம்பலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.